கல்லு பாப்பா

எங்கள் வீட்டில் தெலுங்கு இலாகா என் வசம் இருந்தது. ஆந்திர எல்லையோரத்து நகரியில் எங்கள் தெரு முழுக்கத் தமிழ்தான். தறியைக்கூடத் தமிழில் திட்டினால்தான் ஓடும் என்பார் நைனா. ஆனால் தெருமுனையைத் தாண்டிவிட்டால் ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ், பேங்க் என்று எதற்குப் போனாலும் தெலுங்கு வேண்டும். நைனாவுக்கு நூல் பேரம் பேசுகிற அளவுக்கு வரும். அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிப்பட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுக்குத் தெரிந்த தெலுங்கு 'ரண்டி', 'வத்து' என்ற இரண்டே வார்த்தைகள். வாருங்கள், வேண்டாம். இதை வைத்துக்கொண்டே பல வருஷம் குடும்பம் நடத்திவிட்டாள்.

நான் நாலாம் வகுப்புக்கு வந்தபோது என்னைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்துத் தெலுங்கு மீடியத்தில் போட்டார்கள். அன்றிலிருந்து எந்த ஆபீஸ் ஜன்னலுக்குப் போனாலும் அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றுகொண்டாள். எனக்கு எவ்வளவு தெலுங்கு வரும் என்று பரிசோதிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. ஆகவே நிறைய வரும் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

நைனா பவர்லூம் கொட்டகையில் வேலை செய்தார். தகரக் கூரை. சித்திரை மாதத்தில் உள்ளே போனால் வெளியே வரும்போது சட்டையில் உப்புப் பூத்திருக்கும். ஆனாலும் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும், போனால் அந்த நேரம் பார்த்து நூல் அறும், நூல் அறுந்ததைக் கவனிக்காவிட்டால் சேலையில் கோடு விழும். அதனால் காலையில் வீட்டில் ஒரு சொம்பு, சாயங்காலம் வந்ததும் ஒரு சொம்பு. நடுவில் டீ மட்டும். இதை ஒரு கெட்டிக்காரத்தனம் போலவே சொல்லுவார். கொட்டகையில் முக்கால்வாசிப் பேர் அதே கெட்டிக்காரர்கள்தான்.

ஒருநாள் மத்தியானம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தறியில் குறுக்கே பாயும் நாடாக் கட்டை விரலில் அடித்தபோதுகூடத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்த மனிதர் அவர். அன்றைக்கு உட்கார்ந்தார், எழுந்தார், படுத்தார், சுவரில் சாய்ந்தார், எப்படி இருந்தாலும் முடியவில்லை. முதுகுப் பக்கம் விலாவுக்குக் கீழே ஆரம்பித்து, இடுப்பைச் சுற்றிக்கொண்டு அடிவயிறு வரைக்கும் வலி இறங்குகிறது என்றார். மூத்திரம் டிகாஷன் நிறத்தில் போயிற்று. பஜாரில் ஊசி போடுகிறவர் வந்து பார்த்துவிட்டு, "கல்லுதான்பா. சின்னதா இருக்கும். ஆனா திருப்பதி போயி ஒரு ஸ்கேன் எடுத்துக்கோ, சும்மா உட்டுடாத" என்றார். ஊசி போட்டதும் வலி போய்விட்டது. வலி போனதும் ஸ்கேனும் போய்விட்டது. கல்யாண சீசன், தறி நிற்கக் கூடாது.

அப்புறம் வைத்தியம் தெருவின் கைக்கு வந்தது. எதிர்வீட்டு அக்கா கொள்ளு ரசம் என்றாள். அம்மா வாழைத்தண்டைப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வாழைத்தண்டுச் சாறு. நைனா மூக்கைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். வலி வரும், போகும். போகிறபோதெல்லாம் அம்மா வாழைத்தண்டைப் பார்த்துப் பெருமைப்படுவாள்.

இந்த நேரத்தில்தான் பள்ளிப்பட்டிலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்குத் தம்பி. செல்போன் கடை வைத்திருந்தார். உலகத்தில் நடக்கிறது எல்லாம் அந்தக் கடை வழியாகத்தான் போகும் என்பது அவர் எண்ணம். அப்படிப் போன ஒரு லாரி டிரைவர் சொன்னாராம், கல்லுக்குப் பீரை மிஞ்சின மருந்து கிடையாது என்று. நைனா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுக்கிறவர். கல்யாண வீட்டில் சோடாவைக்கூட மோந்து பார்த்துவிட்டுக் குடிப்பவர்.

"மாமா, நீ இன்னா சந்தோஷத்துக்கா குடிக்கற? மருந்தா நெனச்சிகினு ஒரே மூச்சுல ஊத்திக்கோ. முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார் மாமா. அக்கா புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வலி தாங்காமல்தான் நைனா சம்மதித்தார். பாட்டில் கண்ணில் படக் கூடாது என்று சொம்பில் ஊற்றிக் கொடுத்தார்கள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா என்னிடம் வந்து குனிந்தார்.

"பாப்பா, இது மருந்து. யாரு கேட்டாலும் மருந்துன்னு சொல்லணும். இன்னா சொல்லுவ?"

"மருந்து."

"சமத்து."

பத்து வயதுகூட ஆகாத என்னை நம்பி ஒப்படைத்த அந்த வார்த்தையை நான் உயிராகக் காப்பாற்றினேன். அதனால் வந்த வினைதான் மீதிக் கதை.

மத்தியானத்துக்குள் வலி திரும்பி வந்தது. முன்னால் வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி வந்தது. நைனா தரையில் உருண்டார், வாந்தி எடுத்தார், அந்த வெயிலில் பல் கிட்டிக்கொள்ள நடுங்கினார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் காற்றை மோந்துவிட்டு, "இன்னாபா, இவனுமா ஆரம்பிச்சிட்டான்?" என்று கேட்டார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். மாமா ஓடிப் போய்த் தெரிந்தவர் வேன் ஒன்றைக் கூட்டி வந்தார். புத்தூர், ரேணிகுண்டா தாண்டித் திருப்பதிக்குப் போய்ச் சேரும்வரை நைனாவின் தலை அம்மா மடியில் இருந்தது, கால் என் மடியில். நான் மனசுக்குள் தெலுங்கு வாக்கியங்களைக் கட்டிக்கொண்டே போனேன். இவ்வளவு பெரிய வேலை எனக்கு இதுவரை வந்ததில்லை.

பெரிய ஆஸ்பத்திரி. உள்ளே நுழைந்ததும் இருக்கிற அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். கிருஷ்ணா நதிப் பக்கத்து ஊர்க்காரர், வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. தமிழ் அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அம்மா வழக்கம்போல என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"ஏமைந்தி பாப்பா?" என்றார். என்ன ஆச்சு என்று கேட்கிறார்.

பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: "சார், மா நைனா கடுபுலோ கல்லு உந்தி."

எங்கள் நைனா வயிற்றில் கல் இருக்கிறது. அப்படித்தான் நான் நினைத்தேன். 'கல்லு' என்பதை நான் மாற்றவே இல்லை. காமாலை, அம்மை என்கிற மாதிரி கல்லு என்பது ஒரு நோயின் பெயர், அது எல்லா ஊரிலும் அப்படியேதான் இருக்கும் என்பது என் கணக்கு. தெலுங்கில் கல்லு என்றால் நம்முடைய கள். பனைமரத்துக் கள்.

டாக்டர் நைனாவின் முகத்துக்கு அருகில் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "எந்த தாகாடு?" என்றார். எவ்வளவு குடித்தார்?

எனக்கு ஒரு கணம் குழப்பம். உடனே மாமாவின் சொம்பு ஞாபகம் வந்தது. மருந்துக்குத் தெலுங்கில் 'மந்து'. அது எனக்கு நன்றாகத் தெரியும். "மந்து தாகாடு சார். ஒக சீசா. மா மாமா தெச்சி இச்சாடு."

தெலுங்கில் மருந்துக்கும் மந்துதான், சாராயத்துக்கும் மந்துதான். எது எங்கே என்பது அந்த மொழியில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆக, எங்கள் நைனா வயிற்றில் கள் இருக்கிறது, சரக்கு ஒரு பாட்டில் அடித்தார், மாமாதான் வாங்கி வந்து கொடுத்தார் என்று திருத்தமான உச்சரிப்பில் சொல்லி முடித்திருந்தேன்.

"ரோஜூ தாகுதாடா?" தினமும் குடிப்பாரா?

வாழைத்தண்டுச் சாற்றைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு விவரமாகக் கேட்கும் டாக்டர் நல்ல டாக்டராகத்தான் இருக்க வேண்டும். "ரோஜூ பொத்துன தாகுதாடு சார். மா அம்மா இஸ்துந்தி." தினமும் காலையில் குடிப்பார். எங்கள் அம்மாதான் கொடுப்பாள்.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். 'அம்மா' என்ற ஒரு வார்த்தை மட்டும் புரிந்த அம்மா, பணிவாகத் தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு டாக்டர் நைனாவைப் பிடித்துக்கொண்டார். குழந்தை பெற்றவன் இப்படியா, வெட்கமாக இல்லையா, பொண்டாட்டியையும் கெடுத்து வைத்திருக்கிறாயே என்று ஒரே மூச்சில். நூல் பேரத் தெலுங்குக்கு அதில் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் 'தாகுபோது', குடிகாரன், என்ற சொல் புரிந்துவிட்டது. "நேனு தாகனு சார்" என்று முனகினார். நான் குடிக்க மாட்டேன் என்கிறார், வாயில் பீர் வாடை. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். நைனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அது நடுக்கமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. வலிக்கு அழாத மனிதர் அந்தச் சொல்லுக்கு அழுதார் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

மூலையில் ஒரு கட்டிலில் படுக்கவைத்து, வயிற்றெரிச்சலுக்கு ஊசி போட்டு டிரிப் ஏற்றினார்கள். "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்றாள் அம்மா. "குடிக்கக் கூடாதாம்" என்றேன். அம்மா கையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மாமாவுக்கு மட்டும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.

நைனாவின் நடுக்கம் கூடியது. கட்டில் கம்பிகள் கடகடவென்று ஆடின. அம்மா அவர் காலைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"மறுக்கா போயி சொல்லு பாப்பா. கல்லுன்னு நல்லா வெளங்கற மாதிரி சொல்லு."

போய்ச் சொன்னேன். "தெலுசு, தெலுசு" என்றார் டாக்டர். தெரியும், தெரியும். திரும்பி வந்தேன். அம்மா மறுபடியும் அனுப்பினாள். இந்த முறை பஜாரில் ஊசி போட்டவர் சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன். சின்னக் கல்லுதான் சார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள் சார் என்று.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "கல்லுகி ஸ்கேன் எந்துகு?" என்றார். கள் குடித்ததற்கு ஸ்கேன் எதற்கு? அவர் குரலில் இப்போது கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் தெலுங்கெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வெளியே ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் செடிகளுக்கு நடுவே ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவர் மேஜைமேல் வைத்தேன். "இதி சார். இதி கல்லு. மா நைனா கடுபுலோ."

அவர் ஜல்லியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதி ராயி!" என்று கத்தினார்.

ராயி என்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் 'எழுது' என்று அர்த்தம். டீச்சர் நாள் முழுக்க ராயி, ராயி என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் மேஜையில் பென்சில் தேட ஆரம்பித்தேன்.

பக்கத்தில் ஊசி எடுத்துக்கொண்டிருந்த நர்சம்மா சத்தியவேடு பக்கத்துக்காரர், எங்களைப் போலவே தமிழ் பேசுகிறவர். அவர்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டரிடம் சொன்னார், ராயிக்குத் தமிழில் கல்லு என்று. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து நைனாவின் கட்டிலுக்குப் போனார். சிரித்துக்கொண்டே அவரை ஒருக்களிக்கச் செய்து, முதுகில் கடைசி விலாவுக்குக் கீழே கையை மடக்கி லேசாகத் தட்டினார். நைனா வில்லாக வளைந்து அலறினார். டாக்டரின் இன்னொரு கை நைனாவின் நெற்றிக்குப் போனது. அங்கேயே நின்றது. அவர் சிரிப்பு நின்றுபோனதை நான் பார்த்தேன். என்னோடு சிரித்த டாக்டரை எனக்குப் பிடித்திருந்தது, அதனால் ஏமாற்றமாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாமே ஓட்டம்தான். ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் பிடித்தார்கள், கட்டிலை உருட்டிக்கொண்டு ஸ்கேன் அறைக்குப் போனார்கள். டாக்டரே தள்ளினார். கூடவே ஓடிய என்னை யாரும் தடுக்கவில்லை. இருட்டு அறை. நைனாவின் இடுப்பில் கொழகொழவென்று எதையோ தடவி, சின்ன டார்ச் லைட் போன்ற ஒன்றை வைத்து அழுத்தினார்கள். டிவியில் மழை பெய்வது போலத் தெரிந்தது. அதில் ஒரு கறுப்பு உருண்டையைக் காட்டி, வீங்கிப்போன கிட்னி என்று அங்கிருந்தவரிடம் டாக்டர் சொன்னார். கீழே வருகிற குழாயில் கல் போய் உட்கார்ந்துகொண்டு வழியை அடைத்திருந்தது. இறங்க வழியில்லாமல் மூத்திரம் மேலேயே தேங்கி நின்றிருக்கிறது. நாங்கள் காலையில் அதற்கு மேலேதான் பீரை ஊற்றியிருந்தோம்.

வெளியே தாழ்வாரத்தில் அம்மா நின்றிருந்தாள். டாக்டர் வேகமாக வந்தார். வழக்கம்போல அம்மாவின் கை என் தோளுக்கு வந்தது. நானும் தயாராக நிமிர்ந்து நின்றேன். அவர் என் உயரத்துக்குக் குனிந்து, "பாப்பா..." என்று ஆரம்பித்தார். நிறுத்திவிட்டார். என் முகத்தையே பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, சத்தியவேடு நர்சம்மாவைக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் கையில் வைத்து, "கொப்பரி போண்டாம் தாகு, போ" என்றார்.

கொப்பரி என்றால் தேங்காய் தெரியும். தேங்காய் போண்டாவை எப்படிக் குடிப்பது என்று நான் விழித்ததைப் பார்த்து, இரண்டு கையாலும் இளநீரைப் பிடித்து ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோலச் செய்து காட்டினார். அதற்குள் அவரும் பாடம் கற்றுக்கொண்டிருந்தார்.

நான் நகரவில்லை. "நான்தான் அம்மாவுக்கு சொல்லணும்" என்றேன்.

"நான் சொல்லிக்கறேன் கண்ணு. நீ போயி எளநி குடிச்சிட்டு வா" என்றார் நர்சம்மா.

எனக்குப் புரிந்துவிட்டது. கல்லு விவகாரத்தில் நான் செய்த குளறுபடிக்காக என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதுவும் அம்மா கண் முன்னாலேயே. இத்தனைக்கும் ஜல்லி கொண்டுவந்து விஷயத்தைப் புரியவைத்ததும் நான்தான். அம்மாவாவது எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். அவள் நர்சம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தோடு வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது நைனாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அம்மா பெஞ்சில் நர்சம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள். அவள் மேலெல்லாம் வேர்த்து ஈரமாக இருந்தது. "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல கண்ணு. சின்னதா டியூப்பு வெக்கறாங்களாம்" என்றாள். ஒன்றுமில்லாததைச் சொல்வதற்கு இன்னொரு ஆளா என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.

நைனா பிழைத்தார். கத்தி வைக்காமல், மூத்திர வழியாகவே மெல்லிசான ஒரு குழாயைக் கல்லைத் தாண்டி மேலே ஏற்றிவிட்டார்கள். தேங்கியதெல்லாம் அதன் வழியாக வடிந்தது. காய்ச்சலுக்கு மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. சில நாள் கழித்துக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "தறி இன்னா ஆச்சி?" என்று கேட்டார். அம்மா அதற்கும் அழுதாள்.

அன்று காலையில் டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கொடுத்த ஜல்லி அவர் கையில் இருந்தது. நர்சம்மாவிடம் கற்றுக்கொண்டதை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"நைனா, உங்க வயித்துல கல்லு. கள்ளு இல்ல. தப்பு என்து. மன்னிச்சிக்கோங்க."

ஊசி குத்தியிருந்த கையோடு நைனா கும்பிடப் பார்த்தார். முடியவில்லை. "மீரு நன்னு காப்பாடாரு சார்" என்றார். நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள். நூல் பேரத்துக்கு வெளியே நைனா தெலுங்கில் பேசி நான் கேட்ட இரண்டாவது வாக்கியம் அதுதான். அதில் ஒரு பிழையும் இல்லை.

மாமாவும் அன்றைக்குத்தான் வந்தார். மொட்டைத் தலை, அதில் சந்தனம், கையில் லட்டுப் பை. டீ குடிக்கப் போனவர் அப்படியே பயந்துபோய், நைனா பிழைத்தால் முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, பிழைத்தது தெரிந்ததும் அலிபிரியிலிருந்து மலைக்கு நடந்தே ஏறியிருக்கிறார். டாக்டர் அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். நீதான் மந்து கொண்டுவந்த மாமாவா? சாக்கடை அடைத்துக்கொண்டால் மேலே இருந்து இன்னும் தண்ணீர் ஊற்றுவாயா, அடைப்பை எடுப்பாயா? பீரும் கரைக்காது, கள்ளும் கரைக்காது. வாழைத்தண்டைப் பொரியல் செய்து தின்னுங்கள், நல்லதுதான். ஆனால் ஸ்கேனுக்குப் பதிலாகத் தின்னக் கூடாது. நர்சம்மா இதையெல்லாம் தமிழில் சொல்லச் சொல்ல மாமா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

காய்ச்சல் முழுசாக அடங்கி, உடம்பு தேறி, சில வாரம் கழித்து மறுபடியும் போனோம். மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டு, லேசரால் கல்லைப் பொடித்து எடுத்தார்கள். "கல்லு பாப்பா ஒச்சிந்தா?", கல்லு பாப்பா வந்தாச்சா, என்று கேட்டுக்கொண்டேதான் டாக்டர் வந்தார். சின்ன டப்பாவில் இருந்ததைக் காட்டினார். வெல்லத்தில் கிடக்கிற மண் அளவுக்கு நாலு துணுக்கு. இதற்கா இவ்வளவு கூத்து என்று இருந்தது. என் ஜல்லி எவ்வளவோ மேல். நம் பக்கத்திலிருந்து யார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாலும், 'கல்லா, கள்ளா?' என்று முதலில் கேட்டுவிடுகிறார் என்று நர்சம்மா சொன்னார். நைனா அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அன்றிலிருந்து தறிப் பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் நிற்கிறது. மூத்திரம் தண்ணீர் நிறத்தில் போக வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. ஊறுகாயும் கருவாடும் குறைந்தன. நூல் அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும் என்று நைனா எழுந்து போகக் கற்றுக்கொண்டார். இன்றைக்கும் தறிதான், இன்றைக்கும் காவடிதான். எங்கள் வீட்டில் யார் வந்தாலும் கல்லு கதையை ஒரு தடவை சொல்லாமல் அனுப்ப மாட்டார். நானும் கூடவே சிரிப்பேன். ஆனால் இளநீர் குடிக்க அனுப்பிய இடம் வரும்போது மட்டும் எனக்கு உள்ளுக்குள் பழைய கோபம் லேசாக எட்டிப் பார்க்கும்.

போன வருஷம் எனக்கும் கல் வந்தது. குடும்பத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கும் வருமாம், என்னைப் போலத் தண்ணீர் குடிக்காத டீச்சர்களுக்கு இன்னும் சீக்கிரம் வருமாம். திருப்பதியில் ஸ்கேன் எடுத்தார்கள். சின்னதுதான், மாத்திரையும் தண்ணீருமே போதும், தானாக இறங்கிவிடும் என்றார்கள், இறங்கியும்விட்டது. கூட இருக்க வந்திருந்த அம்மா சமையலறையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். நார் சுற்றிய விரலைப் பார்த்துக்கொண்டே, சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன். அன்றைக்கு என்னை வெளியே அனுப்பிவிட்டு அந்த நர்சம்மா என்னதான் சொன்னார் என்று.

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை.

"கிட்னில சீழு புடிச்சிட்ச்சி, ரத்தத்துல ஏறிகினு கீதுன்னாங்க. இப்பவே டியூப்பு போட்டாகணும், போட்டாலும் பொழைப்பாருன்னு சொல்ல முடியாது, சொந்தக்காரங்க யாராச்சும் பாக்கணும்னா வரச் சொல்லிடுங்கன்னாங்க."

நான் தண்ணீர்ப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அந்த டாக்டருதான் உன்ன அனுப்பச் சொன்னாராம். இத அந்தப் பாப்பா வாயால சொல்ல வெக்கக் கூடாது, காலத்துக்கும் அது காதுலயே கேட்டுகினு இருக்கும்னாராம்." அம்மா தண்டைத் தண்ணீரில் போட்டாள். "எந்தத் தாய் பெத்த புள்ளையோ. நல்லா இருக்கணும்."

அந்த வாக்கியம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குள் கட்டிப் பார்த்தேன். எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள். நாலாம் வகுப்புத் தெலுங்கு போதும். ஒரு பிழைகூட இல்லாமல் சொல்லியிருப்பேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.

அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். எதிரே மலை தெரிந்தது. 'கொண்டகி, கொண்டகி' என்று மலைக்குப் போகும் ஜீப்புக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் வேலையைப் பிடுங்கிய அந்த டாக்டரோடு இனிமேல் பேசுவதே இல்லை என்று முடிவு செய்துகொண்டு, அவர் வாங்கிக் கொடுத்த இளநீரைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினேன். நல்ல இனிப்பு. வழுக்கையும் இருந்தது. வெட்டித் தரச் சொல்லி அதையும் தின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன்.